கெட்டிமேளத்தைச் சுருக்குவது எப்படி?

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை பக்கத்து வீடுகளில் பீரோவின் மேல்தட்டைத் துழாவினால் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒரு கல்யாண கேசட் கிடைக்கும். தொண்ணூறுகளில் எடுத்தது என்றால் விஎச்எஸ். இரண்டாயிரத்துக்குப் பிறகு என்றால் பெரும்பாலும் மினி டிவி. அதை ஓட்டுகிற டெக்கும் கேமராவும் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருவதால், கேசட்டில் இருப்பதை டிவிடிக்கு மாற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சிலர் ஸ்டுடியோவில் கொடுக்கிறார்கள், சிலர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கிறார்கள். படம் தெளிவாக வருமா என்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஒலியைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும், அதுவும் ஒரே கேள்வியாக: ஆடியோவைச் சுருக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது? இந்தக் கேள்விக்கு நேரடியாக ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். சொன்னால் பாதிப் பேருக்குத் தவறான பதிலாக முடியும். நிகழ்ச்சி எத்தனை மணி நேரம், அதில் கேட்பது நாதஸ்வரமா வில்லுப்பாட்டா அருவியா, தட்டு எந்த வீட்டு டிவிடி பிளேயரில் ஓடப்போகிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் மென்பொருளின் முறை வரவேண்டும். சில சமயம் அந்த முறை வராமலே போவதும் உண்டு.

முதலில் டிவிடியின் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1996-ல் சந்தைக்கு வந்த டிவிடி, தன்னுள் எந்த ஒலியை ஏற்கும் என்பதில் கறாரானது. சுருக்கப்படாத எல்பிசிஎம், டால்பி டிஜிட்டல் என்று அட்டையில் அச்சாகும் ஏசி-3, பழைய விசிடியிலும் இருந்த எம்பி2, விருப்பத்துக்கு டிடிஎஸ் என்று நடைமுறையில் நான்கே வகை. நம் கைபேசிகளில் நிறைந்திருக்கும் எம்பி3 இந்தப் பட்டியலில் கிடையாது. பிளேயர் எம்பி3 பாட்டுத் தட்டைப் பாடுகிறதே என்று நம்பி, கல்யாணப் படத்தின் ஒலியை எம்பி3 ஆக்கிக் கொடுத்தால் டிவிடி தயாரிக்கும் மென்பொருள் அதை மறுக்கும், இல்லையென்றால் தானாகவே இன்னொரு முறை சுருக்கிவிடும். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால் என்ன மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆடியோ சிடியும் விசிடியும் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து பதிபவை. டிவிடி வீடியோவுக்கு வேண்டியது 48,000. பழைய விசிடியிலிருந்தும் சிடிப் பாட்டிலிருந்தும் எடுப்பவர்கள் இந்த மாற்றத்தைச் சுருக்குவதற்கு முன்பே, தனியாக, நல்ல முறையில் செய்துவிட வேண்டும்.

இனி கணக்கு. ஒரு சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி இடம். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு அதைப் பங்கு போட்டால் படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் கிடைக்கும். எல்பிசிஎம் ஸ்டீரியோ ஒலி மட்டுமே நொடிக்கு 1,536 கிலோபிட் சாப்பிடும். இரண்டு மணி நேரத்துக்கு 1.4 ஜிபி. அதே ஒலியை 256 கிலோபிட் ஏசி-3 ஆக்கினால் 230 எம்பியில் அடங்கிவிடும். இந்த வித்தியாசம் எங்கே உறைக்கும் என்பதைக் குற்றாலத்தைப் போலக் காட்டித்தரும் ஊர் வேறில்லை. டிவிடியின் எம்பெக்-2 முறை, அடுத்தடுத்த பிரேம்களில் மாறாத பகுதிகளைத் திரும்ப எழுதாமல் மிச்சம் பிடிப்பது. மணமேடையில் மாறாத திரையும் தோரணமும் நிறைய இருக்கும், மிச்சமும் நிறைய. பேரருவியில் ஒரு துளிகூட முந்தின பிரேமில் இருந்த இடத்தில் இருப்பதில்லை. மிச்சம் பிடிக்க வழியில்லாததால் அருவி சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து தெரியும். ஐந்தருவியையும் பழைய குற்றாலத்தையும் சுற்றி எடுத்த இரண்டு மணி நேர சீசன் படத்துக்கு எல்பிசிஎம் வைத்தால், அருவிக்குப் போக வேண்டிய பிட்களை ஒலி பிடுங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அங்கே ஏசி-3 கட்டாயம். மாறாக, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் நாதஸ்வரக் கச்சேரி என்றால் படத்துக்கு 7 மெகாபிட் கொடுத்தாலும் எல்பிசிஎம்முக்கு இடம் தாராளம். அந்தத் தட்டுக்கு ஒலி சுருக்கும் மென்பொருளே வேண்டாம். வேவ் கோப்பை அப்படியே உள்ளே வைத்துவிடலாம். செலவும் இல்லை, சந்தேகமும் இல்லை. ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் வரைக்கும் இதுவே சரி என்பது என் கணிப்பு.

அருவிக்கு ஒலியிலும் ஒரு வம்பு உண்டு. மனிதக் குரலிலும் வாத்தியத்திலும் சில சுரங்களில்தான் சக்தி குவிந்திருக்கும். மற்ற இடங்களில் கைவைத்தால் காதுக்குத் தெரியாது. சுருக்கும் முறைகள் எல்லாம் இந்தச் சலுகையை நம்பிப் பிழைப்பவை. அருவியின் இரைச்சலோ அடி முதல் முடி வரை எல்லா அலைவரிசையையும் நிரப்பி நிற்கும். போதாததற்கு, இடது மைக்கில் விழுவதும் வலது மைக்கில் விழுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பொதுவானதை ஒருமுறை எழுதி ஏசி-3 இடம் மிச்சம் பிடிக்கும். அந்தத் தந்திரமும் இங்கே செல்லாது. அதனால்தான் 128 கிலோபிட்டில் பேச்சு ஒழுங்காகவும், பின்னாலிருக்கும் அருவி குழாய்க்குள்ளிருந்து வருவது போலவும் கேட்கும். குற்றாலத்துக்கு 256-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஆடி மாதத்தில் ஆரியங்காவு கணவாய் வழியாக வீசும் காற்று மைக்கில் மோதி உண்டாக்கும் தடதடப்பை எந்த மென்பொருளும் சுருக்கும் கட்டத்தில் சரிசெய்யாது. 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எடிட்டிங்கிலேயே வெட்டிவிட வேண்டியதுதான்.

எதிலிருந்து எடுக்கிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விஎச்எஸ் கேசட்டின் ஓரத்தில் ஒலி பதியும் தடத்தில் நாடா நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடும். பாட்டுக் கேசட்டின் வேகத்தில் பாதி. ஹைஃபை வசதி இல்லாத கேமராவில் எடுத்திருந்தால் அதில் பத்து, பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது, ஸ்டீரியோவும் இருக்காது. அதற்கு எல்பிசிஎம் கொடுப்பது வீண். ஒற்றைச் சேனல் ஏசி-3, 128 கிலோபிட் போதும். மினி டிவியில் வேறொரு பொறி. அது 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றும் 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் என்றும் இரண்டு விதமாகப் பதியும். வீட்டு உபயோகக் கேமராக்கள் பலவற்றில் கடையில் வாங்கும்போதே 12 பிட்டில்தான் வைத்திருப்பார்கள், மெனுவுக்குள் போய் மாற்றியவர்கள் குறைவு. 32 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி இருக்கவே முடியாது. ஜால்ராவின் மினுமினுப்பில் ஒரு பங்கு படம் எடுத்த அன்றே போய்விட்டது. அதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது மென்பொருள் உண்மையாகவே கெடுதல் செய்யும் இடத்துக்கு வரலாம். தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டுகிறார், கெட்டிமேளம் எழுகிறது. தவிலும் நாதஸ்வரமும் ஒரே அடியாகப் பாய்ந்ததும் கேமராவிலுள்ள தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு மைக்கின் உணர்வைச் சட்டென்று குறைத்துவிடும். மேளம் நின்ற பிறகு அது மெதுவாகத்தான் பழைய நிலைக்கு ஏறும். அந்த இரண்டு மூன்று நொடியில் மந்திரம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அப்புறம் மண்டபத்து மின்விசிறியின் சத்தம் மேலே எழும்பி வரும். இது பதிவிலேயே உள்ள குறை. டால்பியின் உரிமம் பெற்ற பல மென்பொருள்கள் இதன் மேல் தாமும் ஒரு பங்கைச் சேர்க்கின்றன. திரைப்படத்துக்கென்று வகுத்த ஓர் ஏற்ற இறக்கக் கட்டுப்பாடு அவற்றில் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அது பிளேயருக்குக் குறிப்பு எழுதி அனுப்பும்: சத்தம் அதிகமானால் குறை, குறைந்தால் கூட்டு. நள்ளிரவில் வெடிச்சத்தப் படம் பார்ப்பவருக்கு அது உபகாரம். கெட்டிமேளத்துக்கு அது இரண்டாவது அடி. கூடவே உரையாடல் அளவு என்று ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் -27. எதையும் தொடாதே என்று சொல்லும் எண் -31. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 டெசிபல். பிளேயர் அதைக் குறைத்தே ஒலிக்கும். டிவிடியில் மாற்றிய பிறகு சத்தமே கம்மியாயிட்டுதே என்று வருகிற புகார்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் இந்த எண்தான். கட்டுப்பாட்டை இல்லை என்று வைத்து, எண்ணை -31 ஆக்கினால் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்க என் முதல் அளவுகோல்: இந்த இரண்டையும் திரையில் காட்டி, மாற்றவும் விடுகிறதா? ஒரே பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு இதையெல்லாம் மறைத்து வைக்கும் மென்பொருள் எவ்வளவு விலையானாலும் எடுக்காதீர்கள்.

இலவச மென்பொருள்கள் இந்த இடத்தில் கட்டண மென்பொருள்களை மிஞ்சுவதில் வேடிக்கை இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற பொதுக் கருவியும், ஏசி-3க்கென்றே எழுதப்பட்ட ஆஃப்டனும் நாம் சொல்லாதவரை -31-ஐயே எழுதும், கட்டுப்பாட்டுக் குறிப்புகளைச் சேர்ப்பதில்லை. சோம்பேறிக்கும் சரியான விடை வந்துவிடும். ஆனால் இலவசம் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. அதைச் சோதித்துக் காட்ட நம் ஊர் வில்லுப்பாட்டைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். கோயில் கொடையில் வில் கட்டிப் பாடும்போது வில்லின் மணிகள், உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடம் எல்லாமே திடீர் திடீரென்று அடிக்கும் ஒலிகள். குடத்தின் வாயில் பத்தை விழும் அந்த ஒரு கணத்துக்கு முன்னால் அமைதி, பிறகு ஒரேயடியாகச் சத்தம். ஏசி-3 ஒலியை 512 மாதிரிகள் கொண்ட, அதாவது சுமார் 11 மில்லிசெகண்ட் நீளத் துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. ஒரு துண்டின் கடைசியில் அடி விழுந்தால், சுருக்குவதால் வரும் பிசிறு துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னாலேயே ஒரு சன்னமான சரசரப்பாகக் கேட்கும். இதைத் தவிர்க்க, அடி வருமிடத்தில் துண்டைப் பாதியாக்கிக்கொள்ள ஏசி-3 இடம் தருகிறது. ஆஃப்டனில் அந்த வசதி உண்டு; ஆனால் நாமே இயக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் ஏசி-3 பகுதி அதைச் செய்வதில்லை. பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் இது பொருட்டில்லை. கல்யாணத்துக்கு எஃப்எஃப்எம்பெக் போதும்; வில்லுப்பாட்டுக்கு ஆஃப்டன், அல்லது எஃப்எஃப்எம்பெக்கிலேயே 320 கிலோபிட்டுக்கு மேல். பிட் தாராளமாக இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் அமுங்கிவிடும். ராத்திரி முழுக்க நடக்கும் கொடையை ஒரே தட்டில் அடக்க நினைப்பவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவாது. மூன்று மணி நேரத்துக்கே மொத்தம் 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். தட்டை இரண்டு மூன்றாகப் பிரிப்பதே வழி.

எம்பி2-வை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளவில்லை. அது பாவப்பட்ட ஒன்று. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மலிவான டிவிடி மென்பொருள்கள் பலவற்றில் எம்பி2 மட்டுமே இருந்தது, காரணம் டால்பிக்குக் கட்ட வேண்டிய உரிமக் கட்டணம். அதனால் எம்பி2 என்றால் தரம் தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே தங்கிவிட்டது. உண்மையில் 256 கிலோபிட்டுக்கு மேல் அது நேர்மையான முறை. திடீர் அடிகளை ஏசி-3-ஐவிட அலட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும். டூலேம் என்ற இலவச மென்பொருள் அதை நன்றாகச் செய்கிறது. சிக்கல் பிளேயரில்தான். பால் (PAL) என்ற டிவி முறை உள்ள நாடுகளில் விற்ற பிளேயர்கள் எம்பி2-வைப் பாடும். அமெரிக்காவின் டிவி முறையான என்டிஎஸ்சிக்கு (NTSC) விற்ற பிளேயர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் போனவர்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்களுக்குத் தனிச் சங்கமே உண்டு. அங்கெல்லாம் பால்தான், எனவே தடையில்லை. நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்குத் தட்டு அனுப்புகிறவர்கள் ஏசி-3 அல்லது எல்பிசிஎம் வைத்துவிடுவது நிம்மதி.

இதற்கெல்லாம் எதிராக மூன்று கேள்விகள் வரும். ஓசி மென்பொருளில் டால்பி போடுவது சட்டப்படி சரியா என்பது முதலாவது. ஏசி-3 மீதிருந்த காப்புரிமைகள் 2017-ல் காலாவதியாகிவிட்டன, முறையை யாரும் பயன்படுத்தலாம். டால்பி என்ற பெயரும் அந்த இரட்டை டி சின்னமும் இன்னும் அந்தக் கம்பெனியின் வணிகக் குறிகள். தட்டின் அட்டையில் அதை அச்சடிக்காமல் இருந்தால் போதும். இரண்டாவது, கல்யாணத்தை 5.1-ல் போட்டுத் தரச் சொன்னால் என்ன என்பது. கேமராவில் இருந்தவை இரண்டு மைக். அதிலிருந்து ஆறு சேனல் உண்டாக்குவது, இருப்பதை எடுத்து எதிரொலி சேர்த்துப் பின்னால் தள்ளுவதுதான். சாதாரண பிளேயர் அந்த ஆறையும் மறுபடி இரண்டாக மடித்து டிவிக்குக் கொடுக்கும். மடிக்கும்போது மந்திரத்துக்கும் மேளத்துக்கும் இடையிலிருந்த அளவு இன்னும் குலையும். ஸ்டுடியோவின் விலைப்பட்டியலில் கூடுதல் ரூபாய்க்கு 5.1 என்று இருந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல காலி டிவிடி வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது கேள்விதான் பலமானது. டிவியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்பதற்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா? பார்க்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் சமமாக அல்ல. குடத்தடிக்கு முன்னால் வரும் சரசரப்பு அந்த ஸ்பீக்கரில் கேட்காது, ஒப்புக்கொள்கிறேன். சத்தம் திடீரென்று அமுங்கி எழும்புவது எவ்வளவு மட்டமான ஸ்பீக்கரிலும் கேட்கும், அதில்தான் முதலில் எரிச்சலூட்டும். அதனாலேயே ஏற்ற இறக்கக் கட்டுப்பாடு, உரையாடல் அளவு என்ற இரண்டு அமைப்புகளை முதலிலும் மற்றதைப் பிறகும் வைத்தேன். சோதிப்பதற்கும் அதே டிவிதான் சரி. கெட்டிமேளத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி, இரண்டு மூன்று விதமாகச் சுருக்கி, அழித்து எழுதக்கூடிய தட்டில் போட்டு, வீட்டிலேயே பழையதான பிளேயரில் ஓட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்களுக்கு டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக்தான்.

டிவிடியே போய்க்கொண்டிருக்கிறதே, பென் டிரைவில் போட்டால் ஆயிற்று என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. புது லேப்டாப்பில் தட்டு போட இடமே கிடையாது. சீசன் காலத்துக் குற்றால ஈரத்தில் மலிவான தட்டின் சாயம் எத்தனை வருஷம் தாங்கும் என்று உறுதி சொல்லவும் யாராலும் முடியாது. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு, தட்டின் ஒலி எப்படிப் போனாலும் பரவாயில்லை என்பது ஆகாது. தட்டுக்காகச் சுருக்கிய ஒலி மூலப் பதிவாக இருக்கக் கூடாது என்பதுதான். செங்கோட்டை கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயதில் காலமானார். அவர் குரல் நமக்கு இசைத்தட்டுகளின் வழியாகத்தான் தெரியும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம் பிடித்த தட்டுகள். அந்தப் பதிவில் விட்டுப்போன எதையும் பின்னால் வந்த எந்தத் தொழில்நுட்பமும் சேர்த்துத் தரவில்லை. கேசட்டிலிருந்து எடுக்கும் அன்று 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பைத் தனியாக எடுத்து வைத்தால், இன்று டிவிடிக்கு ஏசி-3, நாளை பென் டிரைவுக்கு ஏஏசி, அதற்கப்புறம் வரப்போகும் எதற்கும் அதிலிருந்தே புதிதாகச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபிகூட ஆகாது. ஸ்டுடியோவில் கொடுப்பவர்கள் இதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். டெலிவரி முடிந்து, அடுத்த முகூர்த்த சீசனுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று பழையதை அழித்த பிறகு கேட்டால் அவர்களிடமும் மிச்சம் இருப்பது அந்த டிவிடிதான்.